மீள்வோர் குழுவில் ஒரு கீரி

வெள்ளோடைக் காட்டில் தப்பு செய்த மிருகங்களை அடைப்பதற்கென்று ஒரு குகை இருந்தது. குகைக்கு ஒரே வாசல்தான். வாசலை மூடியிருந்தது ஓர் உருண்டைப் பாறை. அதை உருட்டக் காட்டின் தலைவியான யானையால் மட்டுமே முடியும். அவளைச் சின்னது பெரியது எல்லாமே பெரியம்மா என்றுதான் கூப்பிட்டன.

குகையின் மேலே ஒரு விரிசல் இருந்தது. குரங்குகள் அதன் வழியாகக் கிழங்கும் பழமும் போடும். விரிசல் வளைந்து வளைந்து இறங்கியதால் கிழங்கு வரும், பழம் வரும், மழைத்தண்ணீர் கூட வரும். வெளிச்சம் மட்டும் வராது.

தண்டனை முடிந்தவர்களை வெளியே விடுவதற்கு ஒரு குழுவும் இருந்தது. மீள்வோர் ஆலோசனைக் குழு என்று பெயர். அதன் தலைவர் மயில் சொக்கேசன். தலைவர் என்பதால் நாமும் மரியாதையாக 'அவர்' என்றே சொல்லிவைப்போம். ஆமை அப்பண்ணன் செயலாளர். காட்டுக்கோழி செவ்வந்தி உறுப்பினர். மூன்று பேரும் யோக்கியர்கள். மூன்று பேரும் அந்தக் குகைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்தக் குழு ஒரு சடங்கு வைத்திருந்தது. முகம் பார்த்தல் என்று அதற்குப் பெயர். உச்சி வெயில் நேரத்தில் பெரியம்மா பாறையை உருட்டுவாள். வாசலுக்கு முன்னால் வெள்ளைப் பாறைத் திடல். அங்கே காடே இரண்டு வரிசையாக நிற்கும். வெளியே வருகிறவன் தலையை நிமிர்த்தி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபடி நடக்க வேண்டும். வரிசையின் முடிவில் மயில் தோகையை விரித்து நிற்பார். அவரையும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும்.

பார்த்துவிட்டால் அவன் திருந்தியவன். வீட்டுக்குப் போகலாம். தலை குனிந்தாலோ கண்ணை மூடினாலோ மனதில் கள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஒரு வருஷம் உள்ளே. மூன்றாவது தடவையும் தோற்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள். ஆற்றில் முதலைகள் உண்டு. துரத்தப்பட்டவர்களைப் பற்றி அப்புறம் யாரும் எதுவும் கேள்விப்பட்டதில்லை.

மூன்று வருஷத்தில் ஏழு தடவை பாறை திறந்தது. ஆறு தடவை வந்தவர்கள் தலை குனிந்தார்கள். ஒரே ஒருவன்தான் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனான். அவன் கீரி மொக்கையன்.

ஒரு நாள் பெரியம்மா குழுவைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பாறையை உருட்டி உருட்டி என் நெத்தி தேஞ்சு போச்சு. தெறக்கறேன். உடனே திரும்ப மூடச் சொல்றீங்க. அந்தக் கீரியைத் தவிர ஒருத்தன்கூடத் தேற மாட்டேங்கிறானே, ஏன்?"

"காலம் கெட்டுவிட்டது தாயே!" என்றார் மயில். "நாங்கள் நல்வழி காட்டுகிறோம். அவர்கள் திருந்த மறுக்கிறார்கள்!"

"உள்ள என்ன நடக்குதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

"நாங்கள் கண்ணியமானவர்கள் தாயே! எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கேட்டேன்" என்றாள் பெரியம்மா. "நாளையிலேர்ந்து மொக்கையனும் உங்க குழுவுல உக்காருவான். அவன் உள்ள இருந்தவன். அவனையும் கேட்டு முடிவு பண்ணுங்க."

மயிலின் கழுத்து கோபத்தில் இன்னும் நீலமானது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. செவ்வந்தி மட்டும் இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"பெரியம்மா, அவன் எதுக்கு உள்ள போனான்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு செவ்வந்தி."

"என் முட்டையைத் தின்னுட்டுப் போனான். அஞ்சு முட்டை! அவன் பக்கத்துல நான் உக்காரணுமா?"

பெரியம்மா அவள் பக்கமாகத் தலையைத் தாழ்த்தினாள். செவ்வந்தியே சொன்னாள்:

"சரி. நான் விலக மாட்டேன். நான் விலகினா அது அவனுக்குத்தான் வசதி."

மயில் வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கோபம் குறைந்தது. மொக்கையன் அவருடைய சடங்கில் தேறிய ஒரே ஆள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தால் சடங்கு நல்ல சடங்கு என்று ஊருக்குக் காட்டலாம் அல்லவா?

மறுநாள் மருத மரத்தடியில் குழு கூடியது. மொக்கையன் வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

"தம்பி, வருக!" என்றார் மயில். "நீ எமது முறையின் வெற்றிக்கு நடமாடும் சான்று! கூட்டத்தில் உன் வேலை எளிது. நான் கண்ணால் சாடை காட்டும்போது, 'நான் திருந்திவிட்டேன், குழுவுக்கு நன்றி' என்று சொல். அது போதும்!"

"சரிங்க ஐயா" என்றான் மொக்கையன்.

செவ்வந்தி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேச வேண்டியிருந்தது. காட்டுப்பன்றி சடையன். கரடி தோண்டி வைத்திருந்த கிழங்குக் குழியை ஒரே ராத்திரியில் காலி செய்ததற்காக உள்ளே போனவன். இரண்டு தடவை முகம் பார்த்தலில் தோற்றுவிட்டான். இன்னும் மூன்று நாளில் மூன்றாவது தடவை. இதிலும் தோற்றால் அவனுக்கு ஆறுதான். வெளியே அவன் மனைவியும் நான்கு பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

"அவனுக்குப் புத்திமதி போதவில்லை!" என்றார் மயில். "இந்த மூன்று நாளும் விரிசலுக்கு அருகில் நின்று நான் உரையாற்றுகிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று!"

ஆமை அதை மரப்பட்டையில் நகத்தால் குறித்துக்கொண்டது.

மொக்கையன் நெளிந்தான். எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"ஐயா, புத்திமதியால ஒண்ணும் ஆகாது. உள்ள ஒரே இருட்டு. வருஷக்கணக்கா இருட்டுல கெடந்தவனை உச்சி வெயில்ல, வெள்ளைப் பாறை மேல நிறுத்தினா கண்ணைத் தொறக்கவே முடியாது. தலை தானா குனியும். அது கள்ளம் இல்லைங்க. கண்ணு கூசுது. அவ்வளவுதான்!"

மயில் கழுத்தை நீட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா?" என்றார் மயில். "அப்படியானால் நீ எப்படி நிமிர்ந்து நடந்தாய்?"

இந்தக் கேள்வி வரும் என்று மொக்கையனுக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும்.

"அன்னிக்கு மழை மேகம் ஐயா. வெயிலே இல்லை. அதனாலதான் என்னால பாக்க முடிஞ்சுது. மத்தவங்களைவிட நான் ஒண்ணும் நல்லவன் இல்லை."

"ஆகா!" மயில் குதித்தார். "செயலாளரே, கேட்டீரா? இவன் தேறியதே செல்லாது!"

ஆமை மெதுவாகத் தலையை நீட்டியது. "சட்டப்படி பாத்தா, தேர்வு செல்லாதுன்னா தோல்வி. தோல்வின்னா மறுபடி ஒரு வருஷம் உள்ள. நான் எதுவும் சொல்லலை. சட்டம் சொல்லுது."

அப்போதுதான் செவ்வந்தி திரும்பி மொக்கையனை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"நீ வெளிய வந்து ஒரு வருஷம் ஆச்சுல்ல?"

"ஆமாக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாதே. உனக்கப்புறம் அந்த உடும்பு வந்துச்சே. தலை குனிஞ்சுதுன்னு ஆத்துக்கு அந்தப் பக்கம் துரத்தினோமே. அப்ப நீ எங்கே இருந்தே?"

"வரிசையிலதான் நின்னேன்."

"ஏன் சொல்லலை?"

"பயம். சொன்னா இப்ப இவங்க சொல்றதைத்தான் அன்னிக்கும் சொல்லியிருப்பாங்க."

"இன்னிக்குப் பயம் போயிடுச்சா?"

"போகலை" என்றான் மொக்கையன். "ஆனா நாலு பேர் உக்காந்து முடிவு பண்ற எடத்துல என்னையும் உக்கார வெச்சுட்டாங்க. இங்கயும் சும்மா இருந்தா, சடையனை ஆத்துல தள்ளினதுல எனக்கும் பங்கு வந்துடும்."

விஷயம் பெரியம்மாவிடம் போனது.

"கூட்டாளியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் தாயே!" என்றார் மயில். "குகைக்காரனுக்குக் குகைக்காரன் சாட்சி!"

"பொய்யா நிஜமான்னு நீங்களே பாத்துக்குங்க" என்றான் மொக்கையன். "விடியும்போது உள்ள போயி, உச்சி வெயிலுக்கு வெளிய வாங்க. வருஷக்கணக்கெல்லாம் வேண்டாம். அரை நாள் போதும்."

"நானா! உள்ளேயா! என் தோகை என்ன ஆவது?"

பெரியம்மா ஆமையைப் பார்த்தாள்.

"நான் போகத் தயார்தான்" என்றது ஆமை. "ஆனா உள்ள போயி வெளிய வர்றதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆகும். சடையனுக்கு மூணு நாள்தான் இருக்கு. ரொம்ப வருத்தம்."

"நான் போறேன்" என்றாள் செவ்வந்தி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மொக்கையன் வாயைத் திறந்தான்.

"நீ நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதே!" என்றாள் அவள். "உனக்காகப் போகலை. உன் வார்த்தையை நான் நம்பவும் இல்லை. நீ பொய்யன்னு ஊருக்குக் காட்டத்தான் போறேன்."

மறுநாள் விடியும்போது பெரியம்மா பாறையைக் கொஞ்சம் நகர்த்தினாள். செவ்வந்தி உள்ளே போனாள். பாறை மூடிக்கொண்டது.

உள்ளே தன் சிறகைத் தானே பார்க்க முடியாத இருட்டு. மூலையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"யாரது?"

"நான்தான், சடையன். காலைப் பாத்து வைங்கம்மா. எடது பக்கம் ஒரு குழி இருக்கு. வந்த புதுசுல நான் அதுலதான் விழுந்தேன்."

செவ்வந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் இருக்க அவளால் எவ்வளவு நேரம் முடியும்?

"போன தடவை நீ ஏன் தலை குனிஞ்சே?"

"கள்ளம் இருக்குன்னு சொன்னாங்களே."

"அவங்க சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

"என் பிள்ளைங்களைப் பாக்கணும்னு வாசல்லயே தலையைத் தூக்கினேன். வெள்ளையா நெருப்பு மாதிரி அடிச்சுது. கண்ணைத் தொறந்தாத் தண்ணி கொட்டுது. தொறக்கவே முடியலை. எல்லாரும் கள்ளம் கள்ளம்னு கத்தினாங்க. எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. அன்னிலேர்ந்து இங்க உக்காந்து என் மனசுக்குள்ள தேடறேன். கிழங்கைத் தின்னது தப்புதான், அது தெரியுது. அதுக்கு மேல வேற ஏதோ ஒரு கள்ளம் இருக்கணும்ல? அது எங்க இருக்குன்னுதான் தெரிய மாட்டேங்குது. கண்டுபிடிச்சுட்டா எடுத்துப் போட்டுடுவேன்."

செவ்வந்தி குழியைச் சுற்றித் தடவித் தடவிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே மயில் சும்மா இருக்கவில்லை. கீரியின் பொய் வெளுக்கப் போகிறது, எல்லோரும் வாருங்கள் என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். உச்சி வெயில் ஏறியபோது திடலின் இரண்டு பக்கமும் வரிசை நிறைந்துவிட்டது. வழக்கமான இடத்தில் நின்று அவரும் தோகையை விரித்தார். மொக்கையன் வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நின்றான். செவ்வந்தி நேராக நடந்து வந்துவிட்டால் அவனுக்கு ஒரு வருஷம். அவளுக்கு அவன் மேல் இருக்கும் கோபமும் அவனுக்குத் தெரியும். கண்ணே போனாலும் அவள் தலையை நிமிர்த்தி நடந்துவிடலாம். அவள் அவ்வளவு பிடிவாதக்காரி.

பாறை உருண்டது.

செவ்வந்தி தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டுதான் வந்தாள். ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடி வைத்தாள். மூன்றாவது அடியில் தலை தொங்கியது. கண்கள் இறுக மூடின. தண்ணீர் வழிந்தது. தடுமாறிப் போய் வரிசையில் நின்ற முள்ளம்பன்றியின் மேல் மோதப் பார்த்தாள்.

"கள்ளம்! கள்ளம்!" என்று குரங்குகள் கத்தின. பழக்கதோஷம். இரண்டு தடவை கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அவற்றுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டன.

அடுத்தவர் பொறுக்கும் தானியத்தில் ஒரு மணியைக்கூடத் தொடாதவள் செவ்வந்தி. அது காட்டுக்கே தெரியும். அவளுடைய குஞ்சுகளில் ஒன்று வரிசையை விட்டு ஓடி வந்தது.

"அம்மா! நீ என்னம்மா தப்பு பண்ணினே?"

செவ்வந்தி தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஒண்ணும் பண்ணலைடி" என்றாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் ஒரு தப்பும் பண்ணலை. இருந்தாலும் என்னால தலையை நிமித்த முடியலை. கீரி சொன்னது நிஜம். அவனை நான் இன்னும் மன்னிக்கலை. மன்னிப்பேனான்னும் தெரியலை. அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆறு தடவை 'உள்ள அனுப்பு'ன்னு சிறகைத் தூக்கினவ நான். ஆறு தடவையும் தப்பு என் மேலதான்."

"பாறையைத் தள்ளினது நான்" என்றாள் பெரியம்மா.

"ஒரு நிமிடம்!" என்றார் மயில். "கோழி இனத்துக்கே கண் பலவீனம்! இதை எப்படி ஆதாரமாக ஏற்பது?"

"சரி தலைவரே. அப்ப நாளைக்கு நீங்க உள்ள போயிட்டு வாங்க" என்றாள் பெரியம்மா.

மயிலின் தோகை தானாக மடங்கியது. "வேண்டியதில்லை தாயே! யோசித்துப் பார்த்தால், வெயில் அதிகம் என்று நானும் பல காலமாகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்!"

பெரியம்மா அவரை விட்டுவிட்டு மொக்கையனைக் கூப்பிட்டாள்.

"எப்படித் தெறக்கணும்? நீ சொல்லுடா."

"ஏழு நாளாப் பிரிச்சுத் தெறக்கணும் பெரியம்மா. மொத நாள் ஒரு வால் நுழையற அளவு. மறுநாள் ஒரு தலை நுழையற அளவு. வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமா உள்ள போகட்டும். உங்களுக்குத்தான் ஏழு நாளும் வேலை."

"ஆறு தடவை தெறந்து மூடினதைவிட இது குறைச்சல்தான். அப்புறம்?"

"வெள்ளைப் பாறை வேண்டாம். மர நெழல்ல வரிசையா நிக்கலாம். முகம் பாக்கறதையே விட்டுட்டாலும் நல்லது."

"அது முடியாது!" என்றாள் செவ்வந்தி. அவளுக்கு இப்போதுதான் கண் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருந்தது. "என் முட்டையைத் தின்னவன் என் முகத்தைப் பாக்காம வீட்டுக்குப் போகக் கூடாது. நெழல்ல பாக்கட்டும், ஆனா பாக்கணும்."

மொக்கையன் யோசித்தான். "அது நியாயம்தான்" என்றான்.

ஆமை மரப்பட்டையைப் புரட்டியது. "இவனோட ஒரு வருஷம் பாக்கி இருக்கே, அதை என்ன பண்றது?"

"தப்பான சட்டத்துக்கு என்னடா பாக்கி?" என்றாள் பெரியம்மா. "அந்தப் பட்டையைத் தூக்கி ஆத்துல போடு."

ஆமை போட்டது. பட்டை ஆற்றோடு போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன உடும்பு திரும்பி வரவில்லை. பெரியம்மா மூன்று நாள் கரையில் நின்று துதிக்கையைத் தூக்கிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. அந்த மூன்று நாளும் மொக்கையன் அவள் காலடியில் நின்றிருந்தான். அவனை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

அப்புறம் சடையனுக்காகப் பாறை நகர ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு வால் அளவு. இரண்டாம் நாள் ஒரு தலை அளவு. ஏழு நாளும் மொக்கையன் வாசலில் உட்கார்ந்து, "இன்னிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சில நாள் "இன்னும் வலிக்குது" என்று பதில் வரும். அன்றைக்குப் பாறையைத் திரும்பக் கொஞ்சம் மூடச் சொல்வான். பெரியம்மா முணுமுணுத்தபடியே மூடுவாள்.

ஏழாம் நாள் சடையன் வெளியே வந்தான். மெலிந்து போயிருந்தான். புங்க மரங்களின் நிழலில் காடு வரிசையாக நின்றது. அவன் தலை நிமிர்ந்தே இருந்தது. முதலில் கரடியின் முன்னால் போய் நின்றான்.

"உன் கிழங்கை நான்தான் தின்னேன்."

"தெரியும். இனிமே திங்காதே" என்றது கரடி.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். செவ்வந்தியைப் பார்த்தான். பெரியம்மாவைப் பார்த்தான். தன் மனைவியைப் பார்த்ததும் நின்றான். அவளைச் சுற்றிலும், அவள் கால்களுக்கு நடுவிலும் குனிந்து எதையோ தேடினான்.

"பிள்ளைங்க எங்கே? கூட்டிட்டு வரலையா?"

அவள் பக்கத்தில் நான்கு பெரிய பன்றிகள் நின்றன. அவற்றில் இரண்டுக்குக் கோரைப்பல்கூட வெளியே வந்திருந்தது. அவை என்ன செய்வது என்று தெரியாமல் அவனையே பார்த்தன.

"இதோ நிக்கறாங்களே!" என்றாள் அவள். "குட்டியா இருந்தப்ப முதுகுல இருந்த கோடெல்லாம் எப்பவோ போயிடுச்சு. கிட்ட வந்து பாரு. இவன்தான் மூத்தவன்."

சடையன் கிட்டே போனான். ஒவ்வொன்றின் முகத்தையும் மூக்கால் தொட்டுத் தொட்டு, வெகு நேரம் பார்த்தான்.

அடுத்தவர் பட்ட துன்பத்துக்கு வழி சொல்ல உட்காருகிறவர்கள், அதைப் பட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்காவிட்டால், எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அநியாயமே செய்வார்கள்.